தண்ணீர்த் தட்டு இல்லாமல் 2 வருடம் ஓடிய என் கரி ஸ்மோக்கர்

கிருஷ்ணகிரியில் எங்கள் மொட்டைமாடியில் இருக்கும் 18 அங்குல ஸ்மோக்கரில், அதாவது கரிச்சூட்டிலும் புகையிலும் கறியை மெதுவாக வேகவைக்கும் அடுப்பில், கரிக்கும் கறிக்கும் நடுவே இருக்கும் தட்டில் தண்ணீர் ஊற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டது. முன்பெல்லாம் ஒரு ஆட்டுத்தொடை வேகும் முன் இரண்டு மூன்று முறை திறந்து கொதிநீர் ஊற்றுவேன், மறந்து தட்டு வற்றினால் சூடு கிடுகிடுவென 150 டிகிரியைத் தாண்டிவிடும். கரியும் நிறைய தின்னும். கொதிக்கும் 1 லிட்டர் நீர் ஆவியாகவே சுமார் 2,260 கிலோஜூல் வேண்டும், அதெல்லாம் கரிக்காசுதானே.

இப்போது அந்த இடத்தில் குயவரிடம் வாங்கிய கனமான மண் தட்டு, மேலே கொஞ்சம் இடைவெளி விட்டு அலுமினியத் தாள். கொழுப்பு தாளில் விழுகிறது, கருகுவதில்லை. முதலில் மணல் போட்டேன், சரியாகக் காயாத மணல், வெகுநேரம் ஆவி விட்டுக்கொண்டே இருந்தது. இங்கே கிரானைட் துண்டு சும்மா கிடைக்கிறதே என்று அதை வைத்துவிடாதீர்கள், சூட்டில் வெடித்துத் தெறிக்கலாம்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, அதனால் நாம் அசந்தாலும் அது காப்பாற்றும். மண் தட்டு அப்படியல்ல, சூட்டை வாங்கி வைத்து மெதுவாகத் திருப்பித் தரும், அவ்வளவுதான். சூட்டின் பிடி முழுக்கக் காற்று நுழையும் கீழ்த் துளைகளில் இருக்கிறது. கரியை நிரப்பி நடுவில் பத்துப் பன்னிரண்டு கனன்ற துண்டுகள் மட்டும் வைப்பேன், 95 டிகிரி வந்ததுமே துளைகளை முக்கால்வாசி மூடிவிடுவேன். 120 வரட்டும் என்று காத்திருந்தால் 140-இல் போய் நிற்கும், தட்டு ஒருமுறை சூடேறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு. மேல்துளையை மட்டும் மூடவே மாட்டேன், புகை தேங்கினால் கறி கசக்கும்.

அப்படியும் ஆறு மாதம் சூடு நிலைக்கவில்லை. காரணம் கதவு இடுக்கு. கண்ணாடி இழைக் கயிறு வாங்கி ஓரமெல்லாம் ஒட்டிய பிறகுதான் துளைகள் சொன்னபடி கேட்டன. ஆடிக் காற்றுக்கு இன்னமும் ஒரு தகரத் தடுப்பு வேண்டியிருக்கிறது.

கரி வேலிக்காத்தான்தான், பெரிய துண்டுகளை உடைத்துப் போடுகிறேன். புகைக்கு மாந்தோப்பில் கவாத்து செய்து காய்ந்த கட்டை இரண்டு போதும்.

ஆட்டுத்தொடை இப்போது ஒரே தடவை போட்ட கரியில், திறக்காமலே, ஏழு மணி நேரத்தில் எலும்பை விட்டுக் கழன்று வருகிறது. நாட்டுக்கோழிதான் இன்னும் காய்ந்துபோகிறது, அதைப் பாதியில் வாழை இலையில் சுற்றிவிடுகிறேன்.