பழசா, புதுசா, லீஸா, இனாமா? சின்ன நாடுகள் ஆயுதம் வாங்கும் கதை

சித்தப்பா ஆவடி டாங்கி ஃபேக்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் திருமுல்லைவாயில் வீட்டுக்குப் போனால், பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னோடு ஒரு சண்டையைத் தொடங்குவார். இப்போது ஓடிக்கொண்டிருப்பது இது: கையில் காசு குறைவாக உள்ள ஒரு சின்ன நாடு போர் விமானமோ கப்பலோ ஹெலிகாப்டரோ வாங்க வேண்டும். புதுசு வாங்குவதா, பழசு போதுமா, லீஸுக்கு எடுப்பதா, யாராவது இனாமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதா, ஒன்றுமே வேண்டாம் என்று இருந்துவிடுவதா?

அவர் புதுசு கட்சி. அதுவும் இந்தியாவிடம்தான் வாங்க வேண்டுமாம். நான் விலையை இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். வாங்கிய பிறகு அதை ஓட்டவும் ரிப்பேர் பார்க்கவும் யார் வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதுதான் என் முதல் கேள்வி. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பழசு: ஆர்.சி. புக்கைப் பார்த்தாயா?

பழசு என்று வாயெடுத்ததும் சித்தப்பா என் புல்லட்டை இழுத்தார். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு புரோக்கர் மூலம் வாங்கிய வண்டி. ஆர்.சி. புக்கில் ஓர் இன்ஜின் நம்பர், வண்டியில் வேறொன்று. பெயர் மாற்றுவதற்குள் உயிர் போய்விட்டது. அப்புறம் புதுப்பேட்டையில் அலைந்து ஸ்பேர் தேடியது தனிக்கதை.

நாடுகளுக்கும் இது நடக்கிறது. இலங்கை விமானப்படை 2006இல் உக்ரைனிலிருந்து நான்கு மிக்-27 விமானங்கள் வாங்கியது. 2000இல் வாங்கியவற்றைவிட இவை பழைய தயாரிப்பு, விலை மட்டும் கூடுதல் என்று கொழும்புப் பத்திரிகை எழுதியது. விசாரணை, வழக்கு என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அந்த விமானங்கள் யார் தலைமேல் பறந்தன என்பதைச் சென்னையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பேச்சு, வாங்கிய கணக்கைப் பற்றி மட்டும்.

ஆனால் பழசு விஷயத்தில் பாடப்புத்தகம் மாதிரி இருப்பது குரோஷியாவின் கதைதான். அவர்களிடம் இருந்தவை மிக்-21கள். மாற்றியே ஆக வேண்டிய நிலை. 2018 மார்ச்சில் இஸ்ரேலிடமிருந்து 12 பழைய எஃப்-16 விமானங்களை ஏறக்குறைய 50 கோடி டாலருக்கு வாங்க முடிவெடுத்தார்கள். இஸ்ரேல் தன் சொந்த மின்னணுக் கருவிகளைப் பொருத்தி மேம்படுத்தியவை, அதனால்தான் குரோஷியாவுக்கும் அவை பிடித்திருந்தன. விலை படிந்தது, எல்லாருக்கும் சந்தோஷம்.

இங்கேதான் ஆர்.சி. புக். வண்டி இஸ்ரேலுடையதுதான், ஆனால் செய்து விற்றது அமெரிக்கா. இஸ்ரேல் அதை மூன்றாவது ஆளுக்குத் தள்ள வேண்டுமென்றால் அமெரிக்கா சம்மதிக்க வேண்டும். லோன் வண்டியை விற்கப்போய், பைனான்ஸ்காரனிடம் என்.ஓ.சி. கேட்டு நிற்பது போலத்தான். அமெரிக்கா என்.ஓ.சி. தருகிறேன் என்றது, ஒரு நிபந்தனையோடு: நீ பொருத்தியதையெல்லாம் கழற்றிவிட்டு, நான் கொடுத்தபோது இருந்தபடியே கொடு. கழற்றிவிட்டால் அப்புறம் அதில் என்ன இருக்கிறது? 2019 ஜனவரியில் பேரம் முறிந்தது.

குரோஷியா அத்தோடு ஒதுங்கிவிடவில்லை. மறுபடி டெண்டர் விட்டு, 2021 நவம்பரில் பிரான்ஸ் விமானப்படை ஓட்டிக்கொண்டிருந்த 12 ரஃபேல்களுக்கு ஏறக்குறைய 100 கோடி யூரோவுக்குக் கையெழுத்துப் போட்டது. முதல் பேட்ச் 2024 ஏப்ரலில் ஜாக்ரெபில் இறங்கியது. அடுத்த ஏப்ரலுக்குள் பன்னிரண்டும் வந்துவிட்டன. முன்னதைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை. ஆனாலும் என் கணக்கில் இதுதான் நல்ல வியாபாரம். செய்தவர், ஓட்டியவர், விற்றவர் மூன்றும் ஒரே நாடு. பயிற்சியும் ஸ்பேரும் அதே கையிலிருந்து வருகின்றன. கேட்க வேண்டிய வாசல் ஒன்றே ஒன்று.

சித்தப்பா விடவில்லை. நியூசிலாந்துக் கப்பலை எடுத்தார். 2024 அக்டோபர் 6, ஞாயிறு, மெரினாவில் விமானப்படை சாகசம் நடந்த நாள். நானும் அன்று வெயிலில் நின்றவன்தான். கூட்டத்திலும் வெயிலிலும் ஐந்து பேர் இறந்துபோன செய்தியை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். அதே நாளில், நம் கடிகாரப்படி நள்ளிரவு தாண்டி, சமோவா கரையோரம் நியூசிலாந்துக் கடற்படையின் ‘மனவானுய்’ கப்பல் மூழ்கியது. வேறு வேலைக்காகக் கட்டிய கப்பலை 2018இல் பழசாக வாங்கி, கடற்படைக்கேற்ப மாற்றியிருந்தார்கள். மொத்தச் செலவு 10.3 கோடி நியூசிலாந்து டாலர்.

"பார்த்தியா, பழசு முழுகிடுச்சு" என்றார்.

"இல்லை சித்தப்பா. ஆட்டோபைலட்டை அணைக்காமலே விட்டுட்டாங்க, அதனால் பவளப்பாறையில் ஏறிடுச்சு. புதுக் கப்பலா இருந்தாலும் ஏறியிருக்கும். உள்ளே இருந்த 75 பேரும் பிழைச்சுட்டாங்க."

இதற்கு அவர் பதில் சொல்லவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

புதுசு: சாவி எப்போது கைக்கு வரும்?

ஓ.எம்.ஆரில் ஃபிளாட் புக் பண்ணியவர்கள் பல்கேரியாவைப் புரிந்துகொள்வார்கள். 2019இல் எட்டு எஃப்-16 பிளாக் 70 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டு, ஏறக்குறைய 125 கோடி டாலரை மொத்தமாக முன்கூட்டியே கட்டிவிட்டார்கள். 2023இல் வருவதாகப் பேச்சு. முதல் விமானம் பல்கேரிய மண்ணில் இறங்கியது 2025இல். அதுவரை பழைய மிக்-29களை இழுத்துப் பிடித்து ஓட்டினார்கள்.

சுவிட்சர்லாந்து பணக்கார நாடு, இந்தப் பட்டியலில் சேராது என்றுதான் நினைத்தேன். 2020இல் மக்களிடமே ஓட்டு கேட்டு, 50.1 சதவீத ஆதரவில் தப்பித்து, அப்புறம் அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானங்கள் 36 எடுத்தார்கள். ஃபிக்ஸ்டு ரேட் என்று மக்களிடம் சொன்னார்கள். 2025இல் அமெரிக்கா அப்படியொன்றும் இல்லை என்றது. கூடுதலாக 65 கோடி டாலராவது ஆகலாம் என்று தெரியவந்தது. அவர்களுக்கே இந்தக் கதி. ஆஸ்திரியா 18 யூரோஃபைட்டர் போர் விமானங்கள் கேட்டு, 2007இல் 15 ஆகக் குறைத்துக்கொண்டு, 2017இல் அவற்றைச் செய்த கம்பெனிகளில் ஒன்றான ஏர்பஸ் மீது புகார் கொடுத்தது வரை போனது.

ஆனால் புதுசு வாங்குவதில் உள்ள வம்பு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டுமென்றால் பிலிப்பைன்ஸைத்தான் பார்க்க வேண்டும். ஹெலிகாப்டர் வாங்கப் போய் மூன்று முறை பேரம் முறிந்து திரும்பிய நாடு அது.

முதல் தடவை பழசுதான்: சீர்செய்த 21 யு.ஹெச்-1 ஹெலிகாப்டர்கள், ஏறக்குறைய 120 கோடி பெசோ. ஏழு மட்டும் வந்த நிலையில் ஒப்பந்தம் ரத்து. சரி, புதுசு வாங்குவோம் என்று 2018 பிப்ரவரியில் கனடாவிடம் 16 பெல் 412 பேசினார்கள். உள்நாட்டுச் சண்டையில் சொந்த மக்கள் மேலேயே இதைப் பயன்படுத்துவீர்களோ என்று கனடா ஒப்பந்தத்தை மறுபடி பரிசீலிக்கப் போனதும், அப்போதைய அதிபர் டுடெர்டே கோபத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கனடா வேண்டாமென்றால் ரஷ்யா. 2021இல் 16 மி-17களுக்கு 1,270 கோடி பெசோவில் ஒப்பந்தம். முன்பணமும் போய்விட்டது. அடுத்த ஆண்டு உக்ரைன் போர். ரஷ்யாவோடு வியாபாரம் செய்தால் அமெரிக்கத் தடை பாயும் என்ற பயத்தில் அதையும் ரத்து செய்தார்கள்.

கடைசியில் நிலைத்தது பிளாக் ஹாக். போலந்தில் தயாராவது, கம்பெனி அமெரிக்காவுடையது. முதலில் 16, அப்புறம் 2022இல் இன்னும் 32. எனக்கு அந்த மாடலைவிடப் பெரிதாகத் தெரிவது, எல்லாம் ஒரே வகை என்பதுதான். ஒரே பயிற்சி, ஒரே ஸ்பேர் குடோன், ஒரே மெக்கானிக் கூட்டம்.

இந்த இடத்தில் சித்தப்பா முகம் மலர்ந்தது. "அதைத்தான்டா நானும் சொல்றேன். நம்மகிட்ட துருவ் இருக்கே!"

அவருக்குப் பிடிக்காத பெயரைச் சொன்னேன்: ஈக்வடார். ஏழு புது துருவ் ஹெலிகாப்டர்கள், ஏறக்குறைய 4.5 கோடி டாலர். 2009 அக்டோபரில் கீட்டோவில் நடந்த விழாவிலேயே ஒன்று விழுந்தது. 2015க்குள் நான்கு நொறுங்கிவிட்டன. அந்த ஆண்டு அக்டோபரில் ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டார்கள். எல்லாப் பழியையும் ஹெலிகாப்டர் மேல் போட முடியாது, விபத்துகளில் பாதிக்கு மனிதத் தவறு காரணம் என்று பேசப்பட்டது. ஆனால் ஈக்வடார் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று ஸ்பேர் சரியாக வரவில்லை என்பது. தென் அமெரிக்காவில் வேறு யாரிடமும் துருவ் இல்லை. பக்கத்து வீட்டில் கடன் கேட்கக்கூட வழியில்லை.

சித்தப்பா இதை மறுக்கவில்லை. அவர் விஜயந்தா டாங்கி காலத்து ஆள். மூல டிசைன் இங்கிலாந்துடையது, நாம் 1965 முதல் ஆவடியில் கட்டினோம். "டிசைன் அவன்து, தலைவலி நம்மது" என்று மட்டும் சொன்னார்.

லீஸ்: ஓனர் நல்லவராக அமைய வேண்டும்

சென்னையில் லீஸுக்கு வீடு பிடித்தவர்களுக்குத் தெரியும், எல்லாம் ஓனர் கையில்தான். நல்ல ஓனர் என்றால் பத்து வருஷம் நிம்மதி.

செக் குடியரசுக்கு அப்படி அமைந்தது. முதலில் ஸ்வீடனின் கிரிப்பென் விமானங்கள் 24ஐப் புதுசாகவே வாங்கத் திட்டம் போட்டார்கள். 2002 ஆகஸ்டில் வெள்ளம் வந்து பிராக் நகரத்தையே மூழ்கடித்தது. நிவாரணத்துக்கே பணம் இல்லாதபோது விமானமா என்று திட்டத்தைக் கைவிட்டார்கள். (நம் 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.) 2004இல் அதே கிரிப்பென்களில் 14ஐப் பத்து ஆண்டு லீஸுக்கு எடுத்தார்கள். அது நீண்டு நீண்டு இன்றும் ஓடுகிறது. வாங்க நினைத்ததைவிடப் பத்து குறைவு, அவர்கள் வானத்துக்கு அது போதுமாக இருந்தது.

ஹங்கேரியும் 14 கிரிப்பென்களை எடுத்தது. கடைசியில் சொந்தமாகிவிடும் வகை லீஸ். அதிலும் அரசியல் உண்டு. 2024 பிப்ரவரியில் ஹங்கேரி இன்னும் நான்கு கிரிப்பென்களுக்குக் கையெழுத்துப் போட்ட மூன்றாம் நாள், ஸ்வீடன் நேட்டோவில் சேர ஹங்கேரி நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அங்கே குடித்தனக்காரர் ஓனரையே காக்க வைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

லீஸில் இன்னொரு வசதி, வேண்டாம் என்று பின்வாங்கலாம். நியூசிலாந்து அதைத்தான் செய்தது. 1999இல் 28 எஃப்-16களை அமெரிக்காவிடம் லீஸுக்குப் பேசினார்கள். அவை பாகிஸ்தானுக்காகச் செய்து, 1990இல் அணு விவகாரத் தடையால் அனுப்பாமல் அரிசோனா பாலைவனத்தில் நிறுத்தி வைத்த விமானங்கள். அடுத்து வந்த அரசு 2000இல் லீஸை ரத்து செய்தது. 2001இல் போர் விமானப் பிரிவையே கலைத்துவிட்டது. பணம் கட்டிய பாகிஸ்தானுக்கு விமானம் கைக்கு வராமல் பத்து வருஷத்துக்கு மேல் போனது என்பதைக் கவனியுங்கள். எஃப்-16 வாங்குகிறவர் முதலில் படிக்க வேண்டிய கதை இதுதான்.

போர் விமானமே இல்லாமலும் வாழலாம். எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றிடமும் சொந்தமாகப் போர் விமானம் கிடையாது. 2004 முதல் நேட்டோ கூட்டாளிகள் முறை வைத்துக் காவல் பார்க்கிறார்கள். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் ஏற்பாடு. கூட்டாளி கிடைக்கிற இடத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும் இது ஒத்துவரும்.

இனாம்: கொடுத்தவர் கூடவே வருவார்

இலங்கைக் கடற்படையின் வரிசையைப் பாருங்கள். சீனா கொடுத்த ‘பராக்கிரமபாகு’. அமெரிக்கக் கடலோரக் காவல்படையில் ஓடி ஓய்ந்த ‘கஜபாகு’. ஆஸ்திரேலியா கொடுத்த இரண்டு ரோந்துப் படகுகள். இந்தியக் கடலோரக் காவல்படையில் ‘வராஹா’வாக இருந்து வந்த ‘சாகரா’. எல்லாம் நட்பின் அடையாளம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான்கு நாட்டு இன்ஜினுக்கும் நான்கு மேனுவல், நான்கு ஸ்பேர் வழி. இன்ஜின் ரூமில் வேலை பார்க்கிறவனிடம் கேட்டால் நட்பைப் பற்றி வேறு மாதிரி சொல்வான்.

மாலத்தீவு இன்னும் தெளிவான உதாரணம். இந்தியா இரண்டு துருவ் ஹெலிகாப்டர்களையும் ஒரு டோர்னியர் விமானத்தையும் கொடுத்தது. தீவுகளிலிருந்து நோயாளிகளைத் தூக்கி வர அவை நிஜமாகவே உதவின. கூடவே அவற்றை இயக்க இந்தியப் படையினரும் இருந்தார்கள். அவர்களை அனுப்புவேன் என்று சொல்லித்தான் முய்சு 2023 அதிபர் தேர்தலில் ஜெயித்தார். 2024 மே 10க்குள் அவர்கள் வெளியேறினார்கள், பதிலுக்கு இந்திய சிவிலியன் ஊழியர்கள் வந்தார்கள். அதே வாரத்தில் மாலத்தீவின் பாதுகாப்பு அமைச்சர், இவற்றை ஓட்டத் தகுதியான பைலட் எங்கள் படையில் இல்லை என்று ஒத்துக்கொண்டார். வண்டி இனாம்தான். டிரைவர் மட்டும் கொடுத்தவருடையவர்.

ஆக, என் வரிசை இது: போர் விமானத்துக்கு நல்ல ஓனர் கிடைத்தால் லீஸ், கிடைக்காவிட்டால் செய்த நாடே ஓட்டிய பழசு. ஹெலிகாப்டர் மட்டும் புதுசு, ஒரே மாடல். கப்பல் பழசாக இருந்தால் பாதகமில்லை, ஆனால் ஆள் இருக்க வேண்டும். 2023 தொடக்கத்தில் ஆளில்லாமல் இரண்டு கப்பல்களைக் கட்டிப் போட்டது அயர்லாந்து. இனாம் கடைசி.

சித்தப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கைவசம் வைத்திருந்த துருப்புச் சீட்டை இறக்கினார். "பிரமோஸ் ஏவுகணை? பிலிப்பைன்ஸ் 2022ல 37.5 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டான். 2024 ஏப்ரல்ல முதல் செட்டை இறக்கிட்டோம். புதுசு, நம்ம சரக்கு. ஒரே வாசல். இதுக்கு என்ன சொல்றே?"

"ஒரே வாசல் இல்லை சித்தப்பா. அந்தக் கம்பெனியில் 49.5 சதவீதம் ரஷ்யாவோடது. அவங்க சரின்னு சொன்னால்தான் வெளியே விற்கவே முடியும்."

"ரஷ்யாக்காரன்கிட்ட ஹெலிகாப்டர் வேணாம்னு ஓடின பிலிப்பைன்ஸ் இதை மட்டும் வாங்கினானே, எப்படி?"

அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே பேப்பரைப் பிரித்தார். அடுத்த ஞாயிறு தேடிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.