தில்லியில் ஒரு சனி, ஞாயிறு: மெஹ்ரோலியில் ஆரம்பியுங்கள்

தில்லி கட்டடங்களைப் பார்க்க இரண்டு நாள் போதுமா என்று கேட்டால், போதும், ஆனால் பார்க்கும் வரிசை சரியாக இருக்க வேண்டும் என்பேன். நாங்கள் விசாரித்த ஒரு நாள் கார் பேக்கேஜ்களில் காலையில் செங்கோட்டை, நடுவில் இந்தியா கேட், தாமரைக் கோயில், பொழுது சாயும் நேரத்தில் அவசர அவசரமாகக் குதுப் மினார் என்று இருந்தது. அதாவது 1648ல் முடிந்த கட்டடத்தில் தொடங்கி 1986ல் திறந்த கட்டடம் வழியாக 1199க்குப் போவது. கதையைக் கலைத்துப்போட்டுப் படிப்பதைவிட, தெற்கே குதுப் மினார் இருக்கும் மெஹ்ரோலியில் தொடங்கி மெட்ரோவில் வடக்கே ஏறுவது எவ்வளவோ மேல்.

முதல் நாள் காலை, மஞ்சள் தடத்தில் குதுப் மினார் நிலையம். அங்கிருந்து வளாகம் கொஞ்சம் தூரம், ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை முன்பே இணையத்தில் எடுத்துவிட்டால் வரிசை மிச்சம், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. எல்லோரும் நேராக மினாரைப் பார்த்து நடப்பார்கள். ஏறத்தாழ 73 மீட்டர் உயரம், பார்க்காமல் இருக்க முடியாதுதான் (1981 விபத்துக்குப் பிறகு உள்ளே ஏற விடுவதில்லை). ஆனால் என் ஓட்டு அதன் காலடியில் இருக்கும் குவ்வத்துல் இஸ்லாம் மசூதிக்கு. 27 கோயில்களை இடித்த கற்கள் இதில் சேர்ந்திருப்பதாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. மணியும் சங்கிலியும் செதுக்கிய தூண்கள், சிதைக்கப்பட்ட உருவங்கள், கொடிக்கருக்கு எல்லாம் கண்ணெதிரே நிற்கின்றன. கோயில் மண்டபங்களில் வளர்ந்த கண்ணுக்கு அந்தத் தூண்கள் அந்நியமாகவே தெரியாது, அதனாலேயே மனம் கனக்கிறது.

அங்கே தொழுகை மண்டபத்தின் முன்னால் உயர்ந்து நிற்கும் கல் திரையின் வளைவுகளைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். தூரத்தில் அசல் வளைவு மாதிரி இருக்கும். கிட்டே போனால் கற்கள் படுக்கைவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் கீழே உள்ளதைவிடக் கொஞ்சம் முன்னே நீட்டி அடுக்கப்பட்டிருப்பது தெரியும். கட்டியவர்கள் உள்ளூர்க் கொத்தர்கள். தூண் நிறுத்தி உத்தரம் போடத் தெரியும், கல்லை அடுக்கி அடுக்கி உள்பக்கம் ஒடுக்கவும் தெரியும். தஞ்சைப் பெரிய கோயில் விமானமும் இந்த அடுக்கு முறையில் எழுந்ததுதான். புது ஆட்சியாளர்கள் வளைவு கேட்டதும், தெரிந்த முறையிலேயே அதன் வடிவத்தை வரவழைத்துக் கொடுத்துவிட்டார்கள்!

இதை மனதில் வைத்துக்கொண்டு, அதே வளாகத்தில் 1311ல் அலாவுதீன் கில்ஜி கட்டிய அலாய் தர்வாசா என்ற வாயிலுக்கு வாருங்கள். இங்கே கற்கள் ஆப்பு வடிவில் வெட்டப்பட்டு, ஒன்றையொன்று நெருக்கித் தாங்கும் உண்மையான வளைவு, மேலே உண்மையான குவிமாடம். இடைப்பட்ட நூறு சொச்சம் ஆண்டுகளில் கொத்தர்கள் கற்றுக்கொண்டது என்ன என்பது சில நிமிட நடையில் புரிந்துவிடுகிறது. எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாக இதைச் சொன்னதில்லை. வெளியே வந்ததும் பக்கத்து மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவில், கூரை விழுந்து கிடக்கும் சுல்தான் பால்பன் சமாதியையும் பார்த்துவிடுங்கள். 1287 வாக்கில் கட்டியது, இந்தியாவில் இன்றும் நிற்கும் உண்மையான வளைவுகளில் மிகப் பழையதாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது இதுதான். நுழைய டிக்கெட் இல்லை, கூட்டமும் இல்லை.

குதுப் வாசலில் ஒரு வழிகாட்டியை அமர்த்தினோம். மசூதி முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூணை முதுகுப்பக்கமாகக் கட்டிப்பிடித்தால் நினைத்தது நடக்கும் என்ற கதையிலேயே நேரத்தைக் கழித்தார், வளைவுகள் பக்கம் திரும்பவே இல்லை. அந்தத் தூணைச் சுற்றி வேலி போட்டு எத்தனையோ வருடமாகிறது. ஆறு டன்னுக்கு மேல் எடை, ஏறத்தாழ 1600 வருடம் வெயிலிலும் மழையிலும் நின்றும் துரு அரிக்காததற்கு அந்த இரும்பில் இருக்கும் பாஸ்பரஸ் முக்கியக் காரணம். இதைச் சொல்லியிருந்தாலே பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டிருப்பார்கள். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்துக்கு ஒரு நல்ல புத்தகம் வாங்கிக்கொண்டு போகலாம்.

மாலையில் ஜோர் பாக் நிலையத்தில் இறங்கி லோதி தோட்டம். இதுவும் இலவசம். எண்கோண வடிவ சமாதிகள், ஷீஷ் கும்பத்தில் மிச்சமிருக்கும் நீல ஓடுகள், நடுவில் ஓடுகிறவர்கள், படம் வரைகிறவர்கள். நிதானமாக உட்காருங்கள்.

ஞாயிறு முழுக்க ஊதாத் தடம். ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் ஹுமாயூன் சமாதி, முடிந்தால் திறக்கும் நேரத்துக்கே. நுழைந்ததும் வலப்பக்கம் ஈசா கான் சமாதி, 1547ல் கட்டியது, முந்தின நாள் பார்த்த லோதி தோட்டத்து எண்கோணம்தான். அங்கிருந்து ஹுமாயூனுக்கு நடந்தால் இருபத்தைந்து வருடத்தில் அளவு எப்படிப் பாய்ந்துவிட்டது என்று மலைப்பாக இருக்கும். ஹுமாயூனின் மனைவி பேகா பேகம் கட்டுவித்தது. குவிமாடம் ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை ஓடு கொண்டது, வெளி ஓடு வானத்துக்காக, உள் ஓடு அறைக்குள் நிற்பவனின் கண்ணளவுக்காக. ஆகா கான் அறக்கட்டளையின் சீரமைப்பு வேலையில், கூரையில் பிற்காலத்தில் கொட்டிய கான்கிரீட்டையெல்லாம் எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு வேலையை மீட்டிருக்கிறார்கள். தில்லியில் ஒரே ஒரு கட்டடம்தான் பார்க்க நேரம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

செங்கோட்டை எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். 1857க்குப் பிறகு ஆங்கிலேயர்கள் உள்ளே பெரும்பகுதியை இடித்துவிட்டுப் படைக்குடியிருப்பு கட்டினார்கள், அந்த வெறுமை நடக்க நடக்கத் தெரிகிறது. ஆனாலும் மன்னர் மக்களைச் சந்தித்த திவானி ஆம் மண்டபத்துக்காகப் போகலாம். மெஹ்ரோலியில் அவ்வளவு பாடுபட்டுக் கற்ற வளைவு, இங்கே இதழ் இதழாக விரிந்து வெறும் அழகுக்காக நிற்கிறது.

அப்புறம் அதே தடத்தில் சென்ட்ரல் செக்ரடேரியட். வளைவிலிருந்து மறுபடி தூணுக்கும் உத்தரத்துக்கும் வந்துவிடுகிறோம்: ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஹெர்பர்ட் பேக்கர் வரைந்த வட்டமான பழைய நாடாளுமன்றத்தைச் சுற்றி 144 தூண்கள், அவருடைய கூட்டாளி எட்வின் லட்டியன்ஸ் வரைந்த குடியரசுத் தலைவர் மாளிகை முகப்பிலும் தூண் வரிசை. அதன் குவிமாடத்தைச் சுற்றிய கல்வேலி சாஞ்சி ஸ்தூபியைப் பார்த்து எடுத்தது. விஜய் சௌக்கிலிருந்து மேட்டில் ஏறினால் ஓரிடத்தில் மாளிகை மறைந்து குவிமாடம் மட்டும் தெரியும். அந்தச் சரிவை வைத்துத்தான் லட்டியன்ஸுக்கும் பேக்கருக்கும் ஜென்மப் பகை வந்தது. எனக்கு லட்டியன்ஸ் கட்சிதான், இவ்வளவு பெரிய வீதியை அமைத்துவிட்டு அதன் முடிவை ஒளித்துவைக்கக் கூடாது. மாளிகைக்குள் போக முன்பதிவு அவசியம், ஊரிலிருந்து கிளம்புமுன்பே இணையத்தில் செய்துவிடுங்கள்.

திங்களும் விடுமுறை கிடைத்தால் செங்கோட்டையை அந்த நாளுக்குத் தள்ளிவைக்காதீர்கள், அன்று மூடியிருக்கும். அந்தப் பொழுதை துக்ளகாபாத் கோட்டைக்குக் கொடுக்கலாம். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம், உள்ளே நிழலே இல்லை.