முழந்தாளிடுவதா, கை உயர்த்துவதா?

திருகோணமலையில் கத்தோலிக்கப் பூசைக்குப் பழகியவர் பெந்தெகொஸ்தே ஆராதனைக்குப் போனால், முதலில் தடுமாறுவது உடல்தான்.

பூசையில் எழுந்தேற்ற வேளையில், அதாவது குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தும்போது, முழந்தாளிடுவோம். பின்னாலுள்ள வாங்கில் பாதி சாய்ந்தால் முதுகு வலிக்கும், தொடையை நிமிர்த்துங்கள். முழங்கால் நோகிறவர் நிற்கலாம். ஆனால் குரு அப்பத்தையும் பின்பு கிண்ணத்தையும் உயர்த்திக்காட்டி ஒரு முழங்காலை மடக்கும்போது, நிற்பவர் ஆழமாகக் குனிந்து பணிய வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

பெந்தெகொஸ்தே ஆராதனையில் கை உயர்த்த (விவிலியம், 1 தீமோத்தேயு 2:8) குறித்த நேரம் இல்லை. முழுதாக நீட்டினால் தோள் விரைவில் சோரும். விவிலியத்தில் சோர்ந்துபோன மோசேயின் கைகளையே ஆரோனும் கூரும் தாங்கினார்கள். முழங்கையை விலாவோடு வைத்து, உள்ளங்கையை மேல்நோக்கி விரியுங்கள்.

புதியவருக்கு முழந்தாளே எளிது, எல்லோரும் சேர்ந்து செய்வதால். கையைப் பக்கத்தவரைப் பார்த்து உயர்த்த வேண்டாம்.