செகண்ட் ஹேண்ட் ஹிமாலயன் 411: வாங்கலாம், கோன் செட்டைப் பார்த்துவிட்டு

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 இனி ஷோரூமில் கிடைக்காது. 2016-ல் வந்தது, 2023 கடைசியில் புது ஹிமாலயன் 450 வந்ததும் இதற்கு விடை கொடுத்துவிட்டார்கள். அதனால் இந்த வண்டிதான் வேண்டும் என்பவர்கள் பழையதைத்தான் தேட வேண்டும், விற்பனைக்கும் நிறையவே நிற்கிறது. நான் ஓட்டுவதும் செகண்ட் ஹேண்டில் எடுத்த 2019 மாடல்தான். நண்பர்களுக்காகவும் அங்கே இங்கே போய் வண்டி பார்த்திருக்கிறேன். என் கருத்து: டூரிங்குக்கு இந்தக் காசுக்கு இதைவிட நல்ல வண்டி கிடைப்பது கஷ்டம், ஆனால் மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட எந்த ரோட்டில், எவ்வளவு சுமையோடு ஓடியது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் 50,000 ஓடிய வண்டி, லடாக் கற்களில் 15,000 அடிவாங்கிய வண்டியைவிட நன்றாக இருக்கலாம்.

முதலில் மாடல். கார்புரேட்டரோடு வந்த ஆரம்பகால வண்டிகள் விலை குறைவாகக் கிடைக்கும், நான் தொடமாட்டேன். முதல் பேட்ச் வண்டிகளில் ஃபிரேம் விரிசல் வரை புகார் வந்தது. 2017-ல் எஃப்.ஐ. (ஃபியூல் இன்ஜெக்ஷன்) வந்தது, 2018-ல் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், 2020-ல் பிஎஸ்6 புகை விதிக்கான மாடல், அதில் பின்பக்க ஏபிஎஸ்ஸை மட்டும் அணைத்துக்கொள்ளலாம். பட்ஜெட் இடம் கொடுத்தால் பிஎஸ்6, இல்லையென்றால் ஏபிஎஸ் உள்ள முந்தைய பிஎஸ்4 மாடல்.

பார்க்கப் போவதற்கு முன்பே போனில் சொல்லிவிடுங்கள், “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் அண்ணா” என்று. போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார் என்று அர்த்தமில்லை, ஆனால் ஒரு டீ குடித்துவிட்டு ஆறவிட்டே பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் செல்ஃபில் உடனே பிடிக்க வேண்டும். சைலன்சரில் நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது, கிளம்பிவிடலாம். லேசான டேப்பட் (வால்வு) சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம், அதை அட்ஜஸ்ட் செய்துவிடலாம்.

அப்புறம் கோன் செட், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியின் பேரிங். இந்த வண்டியின் பலவீனம் என்று யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவரைப் பின்னால் அமுக்கச் சொல்லி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள். ஹேண்டில்பாரை இரண்டு விரலால் மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நேராக வரும் இடத்தில் ஏதோ குழியில் விழுந்து உட்கார்வதுபோல் ஒரு சிறு பிடிப்பு தெரிந்தால் பேரிங் போய்விட்டது. அடுத்து, ஃபோர்க்கின் அடிப்பகுதி இரண்டையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ‘டக்’ என்று ஆட்டம் தெரியக்கூடாது. இது பெரிய செலவில்லை, விலையில் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த நிலையிலேயே மாதக்கணக்கில் ஓட்டியவர் வேறெதைப் பராமரித்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்க்கில் ரப்பர் பூட் மாட்டியிருப்பதால் ஆயில் கசிவது வெளியே தெரியாது. பூட்டை மேலே தள்ளிவிட்டு உள்ளே விரலால் தடவிப் பாருங்கள், பிசுபிசுப்பு இருந்தால் சீல் மாற்ற வேண்டும். பானியர் ஸ்டே (பக்கவாட்டுப் பெட்டிகளைத் தாங்கும் கம்பி) மாட்டியிருந்த இடத்தில் ஃபிரேம் குழாயில் புது வெல்டிங்கோ தனியாக அடித்த பெயிண்டோ தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நிறைய பேர் சுமை ஏற்றும் ஸ்டைலே பயங்கரம். ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகச் சாவியால் தட்டினால் தளர்ந்தது மட்டும் மந்தமாக ஒலிக்கும். டயரில் பட்டன் தேய்ந்ததா என்று மட்டும் பார்க்காமல் நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள்: 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். டிஜிட்டல் காம்பஸ் வடக்கைத் தெற்கு என்று காட்டினால் விட்டுவிடுங்கள், அது அப்படித்தான்.

கிராஷ் கார்டு, ஃபாக் லைட், ஜிபிஎஸ் மவுண்ட் எல்லாம் போட்டிருக்கிறேன் என்று அதற்கும் சேர்த்து விலை சொல்வார்கள். எனக்கு அது எதிர்மறை. ஃபாக் லைட்டுக்காக ஒயரை வெட்டி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் மழையில் அதுதான் முதலில் கழுத்தை அறுக்கும். சீட்டைக் கழற்றிப் பாருங்கள், எல்லாம் அங்கே தெரியும்.

ஓட்டிப் பார்க்கும்போது 80-ல் ஹேண்டிலை லேசாகப் பிடித்துப் பாருங்கள், ஒருபக்கம் இழுக்கிறதா என்று. 24.5 பிஎச்பிதான், கிட்டத்தட்ட 200 கிலோ எடை, ஐந்து கியர். 90, 95-ல் நாள் முழுக்கப் போகும். அதற்கு மேல் முறுக்கினால் அதிர்வுதான் மிச்சம், 120-ல் போக நினைப்பவர்களுக்கு இது வண்டியே அல்ல.

பேப்பர் வேலை சுருக்கமாக. அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு எத்தனையாவது ஓனர், ஃபைனான்ஸ் இருக்கிறதா, இ-சலான் எல்லாம் பாருங்கள். ஃபைனான்ஸ் இருந்தால் அது முடிந்து, கடன் தீர்ந்ததைச் சொல்லும் ஃபார்ம் 35 கைக்கு வரும்வரை முழுப் பணம் தர வேண்டாம். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்தை அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். கர்நாடகா, டெல்லி நம்பர் வண்டி மலிவாகத் தெரியும், அந்த ஊர் ஆர்டிஓவில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே ரோடு டாக்ஸ் கட்டியபின் கணக்குப் போட்டால் அந்த மலிவு காணாமல் போகும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எடுக்காததற்கான பிரீமியம் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள்.