ரிகோ ஜிஆர் 3: வழிப்பறி பயம் உள்ள தெருக்களுக்கு

தெருவில் படம் எடுக்க எந்தக் கேமரா வாங்கலாம் என்று யாராவது கேட்டால், எந்தத் தெரு என்றுதான் முதலில் கேட்பேன். முன்பு லென்ஸைக் கழற்றி மாற்றுகிற பெரிய டிஎஸ்எல்ஆர் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தவன் நான். ஒரு நாள் சுவரோரமாகக் குனிந்து லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தபோது யாரோ பின்னாலிருந்து ஸ்ட்ராப்பைப் பிடித்து ஒரே இழு. கேமரா தப்பியது, கழுத்தில்தான் ஒரு வாரத்துக்குச் சிவப்புக் கோடு. அதற்கப்புறம் வாங்கியதுதான் இந்த ஜிஆர் 3.

2019-ல் வந்த கேமரா. பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 257 கிராம்தான், பேன்ட் பாக்கெட்டில் போட்டால் பர்ஸ் மாதிரி கிடக்கும். உள்ளே இருப்பதோ 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார், அதாவது ஒளியைப் படமாக்குகிற சில்லு, பல டிஎஸ்எல்ஆர்களில் இருக்கிற அதே அளவு. கறுப்பு டப்பா, பளபளப்பு எதுவும் கிடையாது, பார்ப்பவர்கள் பழைய மலிவு கேமரா என்று நினைத்துவிடுவார்கள், நமக்கு வேண்டியதும் அதுதானே. ஃபூஜி எக்ஸ்100வி இன்னும் அருமையான கேமராதான், கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டரும் உண்டு, ஆனால் 478 கிராம், அந்த வெள்ளி நிற அழகைப் பார்த்து நின்று விசாரிக்கிறார்கள்.

போனே போதுமே என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிடுங்குகிறவன் கண் முதலில் போவதே போன் மேல்தான். கேமரா போனால் படம்தான் போகும், போன் போனால் வங்கிக் கணக்கு, வீட்டுக்குப் பேச இருந்த வழி எல்லாம் சேர்ந்து போகும்.

இதன் உண்மையான பலம் ஸ்னாப் ஃபோகஸ். தூரத்தை 2 மீட்டர் என்று முன்கூட்டியே வைத்து, அபெர்ச்சர் என்கிற லென்ஸ் துவாரத்தை எஃப்/8 என்று சின்னதாக்கி, ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டுவிட்டால், ஏறக்குறைய 1 மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை எல்லாமே தெளிவாக விழும். ஃபோகஸுக்குக் காத்திருக்க வேண்டாம், பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தினால் படம் விழுந்துவிடும், ஷட்டர் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. ராத்திரியில் இந்த வித்தை பாதிதான் பலிக்கும். வெளிச்சம் போதாமல் துவாரத்தை எஃப்/2.8-க்குப் பெரிதாகத் திறந்ததும் அதே 2 மீட்டர் அமைப்பில் ஒன்றரையிலிருந்து 3 மீட்டர் வரைதான் தெளிவு, ஆள் ஒரு எட்டு முன்னால் வந்தாலே கண் மங்கிவிடுகிறது. ஆட்டோஃபோகஸுக்குப் போனால் முன்பக்க உதவி விளக்கை மறக்காமல் அணைத்துவிடுங்கள், இருட்டில் அது உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

லென்ஸ் 28 மிமீ அகலக் கோணம் என்பதால் கிட்டப் போய்த்தான் ஆக வேண்டும். சின்னக் கேமராதானே என்று இடுப்போரம் மறைத்து எடுத்தேன் கொஞ்ச நாள். ஒரு முறை மாட்டிக்கொண்டபோது, எடுத்ததைவிட ஒளித்து எடுத்ததற்குத்தான் அந்த மனிதருக்குக் கோபம். படத்தை அவர் கண்ணெதிரே அழித்துக் காட்டின பிறகுதான் விட்டார். இப்போது கேமரா வெளியே தெரிகிற மாதிரிதான் பிடிக்கிறேன், கண் பார்த்து ஒரு தலையசைப்பு, சரி என்றால் எடுப்பேன். இன்னொன்று, எடுத்ததும் அங்கேயே நின்று திரையைப் பார்க்காதீர்கள். தலை குனிந்திருக்கிற அந்த நேரத்தில்தான் பின்னால் யார் வருகிறார்கள் என்றே தெரியாது.

குறைகள்? பேட்டரி 200 படம் வந்தால் பெரிது, கூட இரண்டு வேண்டும். மழை, தூசிக்குக் காப்பு இல்லை. உள்ளே ஃபிளாஷ் இல்லை, வியூஃபைண்டரும் இல்லை, உச்சி வெயிலில் திரை சரியாகத் தெரியாது. ஆனால் 2 ஜிபி உள் நினைவகம் இருக்கிறது, நல்ல படம் கிடைத்ததும் கார்டைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துவிட்டு மீதியை அதில் எடுக்கலாம்.

கழுத்து ஸ்ட்ராப் வேண்டவே வேண்டாம், மணிக்கட்டில் மாட்டுகிற மெல்லிய கயிறு போதும், அதுவும் பலமாக இழுத்தால் கழன்று வருகிற மாதிரி. அவ்வளவு கிட்டப் போகத் தயங்குகிறவர்கள் 2021-ல் வந்த, கோணம் குறுகலான 40 மிமீ ஜிஆர் 3எக்ஸைப் பாருங்கள். இரண்டடி தள்ளி நின்றே அதே முகம் கிடைக்கும், ஸ்னாப் ஃபோகஸின் தெளிவு எல்லைதான் நன்றாகவே குறுகும்.