ஒரு 500 வாட் ஹெட், இரண்டு 2×10 கேபினட், நாலு பெடல்: வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்த பிறகு

இங்கே சொல்லப்போவது ஒரு பேஸ் கிட்டார் செட்டைப் பற்றி. ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி) ஒன்று, 4 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கருக்கு 500 வாட் தரும், டி (D) கிளாஸ் என்ற சுவிட்சிங் வகை. 8 ஓம் கேபினட் இரண்டு, ஒவ்வொன்றிலும் 10 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. காலடியில் ஒரு சின்னப் பெடல் போர்டு, அதாவது காலால் அழுத்திச் சத்தத்தை மாற்றும் சின்னப் பெட்டிகளின் பலகை. கல்யாண மண்டபம், சர்ச், திறந்தவெளிக் கச்சேரி, பயிற்சி அறை என்று எல்லா இடத்துக்கும் போய் வந்த செட் இது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஹெட்டுக்குக் கொடுத்த காசைவிட கேபினட்டுக்குக் கொடுத்த காசுதான் காதுக்குத் தெரிகிறது. பழுது என்று வந்தவற்றில் பெரும்பாலானவை ஆம்ப்பின் வயிற்றுக்குள் இல்லை. கேபிள், ஜாக், அடாப்டர் என்று வெளியில்தான் இருந்தன.

கடையில் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்பதைத்தான். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல். மேடையில் நிற்பவருக்கு அது "கொஞ்சம் கூடியிருக்கு" என்ற அளவுதான். அதே ஹெட்டில் இரண்டாவதாக ஒரு கேபினட்டை மாட்டினால் கதையே வேறு. ஒரு 8 ஓம் கேபினட்டுக்கு இந்த ஹெட் தருவது சுமார் 300 வாட். இரண்டைச் சேர்த்தால் மொத்தம் 4 ஓம், முழு 500 வாட்டும் வருகிறது, காற்றைத் தள்ளும் கோன் (ஸ்பீக்கரின் கூம்பு) பரப்பும் இரட்டிப்பாகிறது. இரண்டும் சேர்ந்து சுமார் 5 டெசிபல். 500 வாட் ஹெட்டை விற்று 800 வாட் வாங்க நினைப்பவர் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும். இன்னொரு வசதியும் உண்டு. சின்ன இடத்துக்கு ஒரு கேபினட் போதும், முதுகு தப்பிக்கும்.

ஓம் கணக்கில் மட்டும் விளையாடக் கூடாது. கேபினட்டுகள் இணையாகச் சேர்வதால் மொத்த ஓம் குறையும்: 8-ம் 8-ம் சேர்ந்தால் 4. 8-ம் 4-ம் சேர்ந்தால் 2.67. 4-ம் 4-ம் சேர்ந்தால் 2. ஹெட்டின் பின்னால் "குறைந்தபட்சம் 4 ஓம்" என்று இருந்தால் பின்னிரண்டும் கூடாது. மெதுவாக வாசிக்கும்போது ஒன்றும் ஆகாது. நிகழ்ச்சி சூடு பிடிக்கும் நேரத்தில் பாதுகாப்பு சர்க்யூட் வேலை செய்து ஹெட் வாயை மூடிக்கொள்ளும், ஐந்து நிமிடம் கழித்துத் திரும்ப வரும். இப்படி நின்று நின்று வரும் ஹெட்டை சர்வீசுக்குக் கொடுக்கும் முன் கேபினட்டுகளின் மொத்த ஓமைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஹெட் 2.67 ஓமைத் தாங்கினாலும்கூட 4 ஓம் கேபினட் 8 ஓமைப்போல இரண்டு மடங்கு சக்தியை இழுத்துக்கொள்ளும். ஒன்று கத்தும், ஒன்று முனகும். ஒரே மாடலில் இரண்டு 8 ஓம் வாங்குவதே நல்லது.

கீழ்ச்சத்தத்துக்கு வருவோம், ஏனென்றால் ஸ்பீக்கர்கள் சாவது இங்கேதான். ஈ தந்தியைத் திறந்து அடித்தால் 41 ஹெர்ட்ஸ், ஐந்து தந்தி பேஸின் பி 31 ஹெர்ட்ஸ். அதே அளவு சத்தத்தோடு ஒரு ஆக்டேவ் (பாதி அலைவரிசைக்கு) கீழே போக கோன் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஆட வேண்டும். துளை வைத்த கேபினட்டில் அந்தத் துளை டியூன் செய்யப்பட்ட அலைவரிசைக்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்த உள்ளே காற்றழுத்தம் இல்லை, அது கட்டற்று ஆடும். இந்த நேரத்தில் பேஸ் குமிழைத் திருப்பி 12 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் ஹெட்டிடம் 16 மடங்கு சக்தி கேட்கிறோம் என்று பொருள். "டப் டப்" என்று தகரம் அடிப்பதுபோல் ஒரு சத்தம் வந்தால் கோனை ஆட்டும் வாய்ஸ் காயில் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. உடனே குறையுங்கள். வாட் கணக்கெல்லாம் அங்கே காப்பாற்றாது.

இதற்கு ஒரு உதாரணம்: ஆம்பெக் எஸ்விடி என்ற பேஸ் ஆம்ப் 1969-இல் வந்தது. 300 வாட் வால்வு ஆம்ப், கீழே எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட மூடிய கேபினட். இன்றைய எஸ்விடி-810இ-யில் 32 ஓம் ஸ்பீக்கர் எட்டு இணையாகச் சேர்ந்து 4 ஓம். எடை 60 கிலோவுக்கு மேல். உலகமே வியக்கும் அந்தக் கேபினட் 58 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் இறங்கிவிடுகிறது! திறந்த ஈ-யின் அடிப்படை அலைவரிசை அதற்கும் கீழே. ஆனாலும் நெஞ்சில் இடிக்கிறது, ஏனென்றால் காது பிடித்துக்கொள்வது 80-க்கு மேல் உள்ள இரண்டாம், மூன்றாம் அதிர்வுகளை. ஆகவே சத்தம் போதவில்லை என்றால் 40-ஐ ஏற்ற வேண்டாம். 80 முதல் 120 வரை லேசாக ஏற்றுங்கள், 250 பக்கம் கொஞ்சம் குறையுங்கள், விரல் தெளிவுக்கு 700 முதல் 900 வரை கொஞ்சம் கூட்டுங்கள். 35 ஹெர்ட்ஸ் பக்கத்திலிருந்து கீழே உள்ளதை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் பெடல் ஒன்று வாங்கியது இந்தச் செட்டுக்கே சிறந்த முதலீடு. வெட்டியதைக் காது கவனிக்கவே இல்லை, கோன் மட்டும் அடங்கியது.

கேபினட் நிற்கும் இடமும் ஈக்யூ (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மாதிரிதான். முன்முகத்துக்கும் பின்சுவருக்கும் 1.7 மீட்டர் இடைவெளி இருந்தால் 50 ஹெர்ட்ஸ் பக்கம் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து தன்னையே அழித்துக்கொள்ளும். சுவரோடு ஒட்டி வைத்தால் அந்தக் குழி மேலே நகர்ந்து தொல்லை தராமல் போகும். இரண்டு 2×10-ஐயும் படுக்கை வசத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் நெட்டாக ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் மேல் ஸ்பீக்கர் காது உயரத்துக்கு வரும். "எனக்கே கேட்கல" என்று வால்யூம் ஏற்றும் பழக்கம் பாதியாகக் குறையும். பலகை போட்ட மேடை என்றால் அடியில் கெட்டியான ஃபோம் வையுங்கள், இல்லையென்றால் மேடையே பறை ஆகிவிடும்.

இனி பழுதுகள். அதிகம் பேரை ஏமாற்றும் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். நன்றாக ஓடும் ஆம்ப் திடீரென்று சத்தம் மெலிந்து, கரகரத்து, ஒரு நோட்டை பலமாக அடித்தவுடன் "படக்" என்று பழையபடி எழும். சர்வீஸ் கடையில் "பவர் போர்டு போச்சு" என்பார்கள். அவசரப்பட வேண்டாம். ஹெட்டின் பின்னால் எஃபெக்ட்ஸ் லூப் (பெடல்களை நடுவில் செருகும் வழி) இருக்கிறதா பாருங்கள், சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு துளை. எதையும் செருகாதபோது சிக்னல் ரிட்டர்ன் ஜாக்குக்குள் இருக்கும் ஒரு சின்ன உலோக நாக்கின் வழியாகத்தான் பவர் பகுதிக்குப் போகிறது. அந்த ஜாக்கை வருடக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. நம் ஊர் ஈரக்காற்றிலும், கடலோரத்தில் உப்புக்காற்றிலும் அந்த நாக்கில் படலம் கட்டிவிடும். பலமான சிக்னல் படலத்தைத் துளைத்துப் போகும், மென்மையானது நின்றுவிடும். சோதனைக்கு ஒரு சின்னப் பேட்ச் கேபிள் போதும்: சென்ட்டிலிருந்து ரிட்டர்னுக்கு மாட்டுங்கள். சத்தம் சீராகிவிட்டால் குற்றவாளி அந்த நாக்குதான். ஆம்ப்பை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, ஒரு பிளக்கின் நுனியில் கான்டாக்ட் கிளீனர் அடித்து ரிட்டர்னில் பத்துப் பதினைந்து தடவை செருகி எடுங்கள், பத்து நிமிடம் காயவிடுங்கள். மேடையில் நேரம் இல்லையென்றால் அந்தப் பேட்ச் கேபிளை அப்படியே விட்டுவிட்டு வாசிக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகி எடுத்தாலே இந்தப் பிரச்சினை எட்டிப் பார்க்காது.

கேபினட்டைச் சோதிக்க மல்டிமீட்டர் போதும். கேபிளை ஹெட்டிலிருந்து கழற்றி, கழற்றிய பிளக்கின் பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் இடையே ஓம் பாருங்கள். நல்ல 8 ஓம் கேபினட் மீட்டரில் 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் என்றால் 3 முதல் 3.5. 8 ஓம் 2×10-இல் பெரும்பாலும் 16 ஓம் ஸ்பீக்கர் இரண்டு இணையாக இருக்கும். மீட்டர் 12 பக்கம் காட்டினால் ஒன்று செத்துவிட்டது, மற்றொன்று தனியாகச் சுமக்கிறது என்று அர்த்தம். ஸ்பீக்கரைக் கழற்றி, கோனை இரு பக்கமும் விரல்களால் சமமாக, மெதுவாக அழுத்துங்கள். "சர்" என்று உரசினால் காயில் வளைந்துவிட்டது, ரீகோன்தான், அதாவது கோனையும் காயிலையும் மாற்ற வேண்டும். கழற்றிய இடத்தில் வேறு ஸ்பீக்கர் போட்டால் பிளஸ் மைனஸைப் பார்த்து மாட்டுங்கள். சந்தேகம் வந்தால் 9 வோல்ட் பேட்டரியை கேபிள் முனையில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். எல்லாக் கோனும் ஒரே திசையில் அசைய வேண்டும். ஒன்று வெளியேயும் ஒன்று உள்ளேயும் போனால் கீழ்ச்சத்தம் மொத்தமும் காற்றில் கரைந்துவிடும்.

கடகடவென்று அதிரும் சத்தத்துக்குப் பெரும்பாலும் ஸ்பீக்கர் காரணமில்லை. கைப்பிடி ஸ்க்ரூ, கிரில், உள்ளே கோனில் இடிக்கும் ஒயர், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். ஒவ்வொரு ஃபிரெட்டாக மெதுவாக ஏறுங்கள், எந்த நோட்டில் அதிர்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு இன்னொருவரைக் கேபினட் மேல் கையை வைத்து அழுத்தச் சொல்லுங்கள், இடம் தெரிந்துவிடும். விளிம்பில் காற்று கசிகிறதா என்று பார்க்க ஊதுபத்தி போதும். ஈ தந்தி ஒலிக்கும்போது ஸ்பீக்கர் ஓரமாகப் புகையைக் கொண்டுபோனால் கசியும் இடத்தில் அது துடிக்கும். ஸ்பீக்கர் ஸ்க்ரூவை எதிரெதிராக, கையால் மட்டும் முறுக்குங்கள். மெஷின் வைத்தால் பிளைவுட்டில் மரை தேய்ந்துவிடும்.

ஸ்பீக்கர் கேபிளுக்குப் பதிலாகக் கிட்டார் கேபிளை மாட்டுவது இன்னும் நடக்கிறது. உள்ளே மெல்லிய ஒற்றை ஒயர், மேலே வலை. 500 வாட்டுக்கு அது சூடேறும். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை ஸ்பீக்கான் கனெக்டரில் 1+, 1− இரண்டிலும் முறுக்கிக்கொள்ளுங்கள். வால்வு ஆம்ப்பைக் கேபினட் இல்லாமல் ஆன் செய்து வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போகும். டி கிளாஸில் அந்தப் பயம் குறைவு, ஆனால் அதன் ஸ்பீக்கர் அவுட்டின் மைனஸ் பல ஹெட்களில் எர்த் கிடையாது. அதை மிக்சரிலோ சாதாரண டிஐ பாக்ஸிலோ (சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) செருகினால் ஹெட் போய்விடும். மிக்சருக்கு எக்ஸ்எல்ஆர் டிஐ அவுட்டை மட்டும் கொடுங்கள்.

ஹம் (விடாமல் வரும் முனகல்) வந்தால் முதலில் காதால் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ தந்தி மூன்றாம் ஃபிரெட்டின் ஜி 49 ஹெர்ட்ஸ். ஹம் அந்த ஜி-யோடு, அல்லது அதன் மேல் ஆக்டேவோடு, ஏறத்தாழ ஒட்டினால் மின்சாரத்திலிருந்துதான் வருகிறது. கிட்டாரோடு உடம்பைத் திருப்பும்போது கூடிக் குறைந்தால் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பகுதி) அதைப் பிடிக்கிறது. இரண்டு பிக்கப் உள்ள ஜாஸ் பேஸில் இரண்டு வால்யூமையும் முழுதாக வைத்தால் அடங்கும். மிக்சர் கேபிளைப் பிடுங்கியதும் போய்விட்டால் எர்த் லூப் (எர்த் இரண்டு வழியாக இணைவது), டிஐ-யில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். பவர் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். மைக் உதட்டில் பட, தந்தி விரலில் இருக்க, உயிரே போகும்.

பெடலில் நாலுதான் நிலைத்தன: ஹைபாஸ், கம்ப்ரெசர் (பலமான அடியைக் குறைத்துச் சமன் செய்வது), ஆக்டேவ் (ஒரு ஆக்டேவ் கீழே குரல் சேர்ப்பது), ட்ரைவ் (கரகரப்புச் சேர்ப்பது). கம்ப்ரெசர் 4:1-இல் வைத்து, பலமாக அடிக்கும்போது 4 முதல் 6 டெசிபல் மட்டும் குறைகிற அளவு போதும். ட்ரைவ் வாங்கினால் பிளெண்ட் குமிழ் இருப்பதாகப் பாருங்கள். கிட்டாருக்கான ட்ரைவ் பெடல் கீழ்ச்சத்தத்தை வெட்டித்தான் ஒலிக்கும், சுத்த சிக்னலைக் கலக்காவிட்டால் டிரம்ஸோடு சேர்ந்தவுடன் பேஸ் காணாமல் போகும். அனலாக் ஆக்டேவ் வரிசையில் முன்னால் இருக்க வேண்டும். 1982-இல் வந்த பாஸ் (Boss) நிறுவனத்தின் ஓசி-2 ஆக்டேவ் பெடலை இன்றும் பலர் தேடி வாங்குகிறார்கள், அந்தத் தடித்த சின்த் குரலுக்கு அது தகும். ஆனால் ஈ தந்தியின் கீழ் ஃபிரெட்டில் அது தடுமாறும். டோனைக் குறைத்து, நெக் பிக்கப்பில், ஐந்தாம் ஃபிரெட்டுக்கு மேலே வாசியுங்கள். பழைய ஓசி-2-இல் அடாப்டர் துளை அருகே "ஏசிஏ" என்று இருந்தால் அது 12 வோல்ட் அடாப்டருக்கானது. தனியாக 9 வோல்ட் கொடுத்தால் விளக்கு மங்கும், குரலும் சுருங்கும். "பெடல் கெட்டுப்போச்சு" என்று விற்கப்பட்டவற்றில் சில இந்தக் கதைதான்.

ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலி ஒயர் போட்டு டிஜிட்டல் பெடலையும் அனலாக் பெடலையும் சேர்த்து ஓட்டினால் "ஙீ" என்று மெல்லிய கீச்சு வரும். டிஜிட்டலுக்கு மட்டும் தனி லைன் கொடுத்தால் நின்றுவிடும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஹெட்டில் 115/230 சுவிட்ச் இருந்தால் செருகும் முன் பார்த்துவிடுங்கள். சுவிட்சே இல்லாமல் 120 வோல்ட் மட்டும் என்று எழுதியிருந்தால் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். ஃபியூஸ் போனால் பின்னால் அச்சிட்ட அதே ஆம்பியர், அதே "T" எழுத்து உள்ள மெதுவான ஃபியூஸ்தான். இரண்டாவதும் உடனே போனால் மூன்றாவதைப் போடாமல் சர்வீசுக்குக் கொண்டுபோங்கள்.

ஆக்டிவ் பேஸ் வைத்திருப்பவர் வாசித்து முடித்ததும் ஜாக்கை உருவிவிட வேண்டும். செருகியிருக்கும்வரை உள்ளே பேட்டரி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.