சைக்கிள் சீட் உயரம்: சூத்திரமா, குதிகாலா?

கடையில் சீட்டை முடுக்குபவர் கேட்பது ஒன்றுதான்: "கால் எட்டுதா?" உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் பதிந்தால் வேலை முடிந்தது. சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற ஊரில் அதுவும் நியாயம்தான். ஆனால் அந்த உயரத்தில் கால் நீளவே நீளாது. மேம்பாலம் ஏறினால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். இரண்டு வருடம் அப்படி ஓட்டிவிட்டு, வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணக்குக்காரர்களிடம் இரண்டு சூத்திரங்கள் உண்டு. இரண்டுக்கும் வெறுங்காலில் நின்று, கவட்டில் ஒரு புத்தகத்தை இறுக்கி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். அதை 0.883-ஆல் பெருக்கினால் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையான உயரம். அமெரிக்க சைக்கிள் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பெயரால் பரவிய முறை இது. இன்னொன்று, ஆய்வாளர்கள் ஹாம்லியும் தாமஸும் 1967-இல் சொன்ன, அதே கால் அளவில் 109 சதவீதம். இது கீழே இறங்கி நிற்கும் பெடலின் அச்சிலிருந்து சீட் வரை.

கிராங்கின் நீளம் 17 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கால் அளவு 82 செ.மீ. என்றால் இரண்டு கணக்கும் ஒரே இடத்துக்கு வரும். 72 செ.மீ. கால்காரருக்கோ முதல் கணக்கு சீட்டை 2 செ.மீ. அதிகம் ஏற்றிவிடும். கால் குட்டையாவதற்கு ஏற்ப கிராங்க் குட்டையாவதில்லை, 0.883-க்கு அந்த விஷயமே தெரியாது. நம்மில் உயரம் குறைந்தவர்கள் அதை நம்பினால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், முழங்காலின் பின்பக்கம் இழுக்கும்.

என் ஓட்டு குதிகாலுக்கு. சுவரைப் பிடித்து உட்கார்ந்து, குதிகாலை பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பெடல் கடைசியாக இறங்கும் இடத்தில் கால் சரியாக நேராக வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. அப்புறம் முன்பாதத்தால் மிதித்தால் தேவையான மடிப்பு தானாக வரும். ஷூவின் கனம், பெடல், கிராங்க் எல்லாம் இந்த அளவுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. பாதத்தின் நீளத்தைப் பொறுத்துக் கொஞ்சம் தவறும், உண்மைதான். சந்தேகம் இருந்தால் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள்: கீழ்ப்புள்ளியில் முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருந்தால் போதும்.

சீட் கம்பியில் இருக்கும் எல்லைக்கோடு மட்டும் வெளியே தெரியக் கூடாது. எனக்கு 4 செ.மீ. ஏறியது. சிக்னலில் சீட்டைவிட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழகத்தான் ஒரு வாரம் ஆனது.